பிடித்த முயலுக்கு மூன்று கால்

(‘நின்டெண்டோ நிறுவனத்துக்கு அதன் பிடிவாதம் பலமே! பலவீனமே!’ என்னும் தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், ‘பலவீனமே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே! பிடிவாதமே பலம் என்று பிடிவாதமாகப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! எனக்கு முன்னால் நல்ல அஸ்திவாரம் போட்டுக் கொடுத்த எங்கள் அணித் தலைவி அவர்களே! அரங்கம் நிறைய வந்திருக்கிற பெரியோர்களே, வீட்டிலே டிவிப் பெட்டிக்கு முன்னால் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, குழந்தைகளே!

தலைப்பை அறிவிச்சதும் முன்வரிசையிலே ஒரு பெரியம்மா பக்கத்திலே இருந்தவங்ககிட்டே, “நின்டெண்டோன்னா என்ன, புதுசா வந்த மாத்திரையா?”ன்னு கேட்டாங்க. (சிரிப்பு) அம்மா, மாத்திரை இல்லே. உங்களுக்குத் தெரிஞ்சதுதான். தொண்ணூறுகளிலே உங்க வீட்டுப் பையன் டிவியிலே ஒரு பெட்டியைச் சொருகி, சிவப்புத் தொப்பி போட்ட மீசைக்கார மாமா ஒருத்தரைக் குழாய்க்குள்ளே குதிக்க விட்டானே, நினைவிருக்கா? கேசட் வேலை செய்யலேன்னா கழற்றி ஊதி ஊதிப் போடுவானே? அந்த மீசைக்காரர் பேர் மேரியோ. அவரைப் பெத்த கம்பெனிதான் நின்டெண்டோ. ஆனா அன்னிக்கு நம்ம ஊர் வீடுகளிலே இருந்த பெட்டிகளிலே பெரும்பாலானது நகல். அட்டையிலே ‘9999 ஆட்டங்கள்’னு போட்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தா அதே இருபது ஆட்டம் பேரை மாத்திக்கிட்டுத் திரும்பத் திரும்ப வரும். (சிரிப்பு) அதிலே நின்டெண்டோவுக்கு ஒரு பைசா போகலே. நாம அந்தக் கம்பெனியைக் காசு கொடுக்காமலே தெரிஞ்சுக்கிட்ட ஜனங்க.

சரி, தலைப்புக்கு வருகிறேன். எதிரணியிலே பேசிய அண்ணன் ரொம்ப அழகாப் பேசினார். “1889-ஆம் ஆண்டு ஜப்பானிலே கியோட்டோ நகரத்திலே, ஃபுசாஜிரோ யமாவுச்சி என்கிறவர் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு செய்து விற்க ஆரம்பிச்ச கடை. அந்தச் சீட்டுக்கட்டுக் கடைதான் இன்னிக்கு உலகம் பூரா விளையாட்டு விற்கிறது. இத்தனை வருஷம் நின்னதுக்குக் காரணம் பிடிவாதம்”னார். கைதட்டும் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனா அண்ணன் ஒரு சின்ன வேலை பண்ணிட்டார். சிக்கனத்தையும் பிடிவாதத்தையும் ஒரே சாக்கிலே போட்டுக் கட்டி, சாக்கு மேலே ‘பிடிவாதம்’னு எழுதிட்டார். நான் அந்தச் சாக்கை அவிழ்க்கப் போறேன்.

அவர் சொன்ன முதல் உதாரணத்தையே எடுத்துக்குவோம். கும்பேய் யோகோயின்னு ஒரு மனிதர். 1965-லே நின்டெண்டோவிலே வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை? சீட்டு அச்சடிக்கிற மெஷினைப் பார்த்துக்கிற வேலை. மெஷின் நல்லா ஓடினா இவருக்கு வேலை இல்லே. சும்மா இருக்கிற நேரத்திலே, குறுக்குச் சட்டங்களைக் கோத்து, இங்கே அமுக்கினா அங்கே நீண்டு போய்ப் பொருளைப் பிடிக்கிற ஒரு பொம்மைக் கையைச் செய்து விளையாடிக்கிட்டு இருந்தார். முதலாளி பார்த்துட்டார். நம்ம ஊரா இருந்தா என்ன நடக்கும்? ‘வேலை நேரத்திலே விளையாட்டா?’ன்னு சீட்டைக் கிழிச்சிருப்பாங்க. இந்த முதலாளி, ‘இதையே விற்கிற மாதிரி செய்’னார். 1966-லே ‘அல்ட்ரா ஹேண்ட்’னு வந்தது. பத்து லட்சத்துக்கு மேலே விற்றது.

அதே யோகோயி புல்லட் ரயிலிலே போகும்போது ஒருத்தர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டனை அமுக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்னு ஒரு கதை சொல்லுவாங்க. அந்தக் காலத்திலே கால்குலேட்டர் கம்பெனிகள் போட்டி போட்டு விலையைக் குறைச்சதாலே, அதுக்குள்ளே இருக்கிற சின்னத் திரையும் சில்லும் கொள்ளை மலிவாக் கிடைச்சது. அதை எடுத்து ஒரு விளையாட்டா மாத்தினார். 1980-லே ‘கேம் அண்ட் வாட்ச்’ வந்தது. பெரிய விஞ்ஞானமெல்லாம் இல்லே. எல்லோரும் பழசுன்னு ஒதுக்கின பொருளை, யாரும் நினைக்காத இடத்திலே கொண்டு போய் வைக்கிறது. அதுதான் அவரோட தத்துவம். காய்ஞ்சு போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டிலே யோசிக்கிறதுன்னு ஜப்பான் மொழியிலே அதுக்கு ஒரு பேரே உண்டு.

நம்ம வீட்டுப் பெண்களுக்கு இது புதுசா? ராத்திரி மிஞ்சின இட்லியை மறுநாள் காலையிலே உதிர்த்து, கடுகு தாளிச்சு, இட்லி உப்புமான்னு வைக்கிறாங்களே, புருஷன் ரெண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுறானே, அதுதாங்க யோகோயி. (பலத்த கைதட்டல்)

1989-லே அவர் குழு செய்த ‘கேம் பாய்’ இருக்கே, அதைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். கையிலே வெச்சு விளையாடுற பெட்டி. திரையிலே கலர் கிடையாது. குளத்திலே பாசி படிஞ்ச மாதிரி ஒரு பச்சை. உள்ளே விளக்கு கிடையாது, வெளிச்சம் இருக்கிற இடத்துக்குப் போய்த்தான் ஆடணும். அதே காலத்திலே போட்டிக் கம்பெனிகள் என்ன செய்தாங்க? அட்டாரி கலர் திரையோடு ‘லிங்க்ஸ்’னு கொண்டுவந்தான். சேகா 1990-லே ‘கேம் கியர்’னு கொண்டுவந்தான். கலர், விளக்கு, பளபளன்னு இருந்தது. ஆனா கேம் கியருக்கு ஆறு பேட்டரிக் கட்டை போடணும். அது மூணு மணியிலிருந்து அஞ்சு மணி நேரத்திலே தீர்ந்துடும். கேம் பாய்க்கு நாலே கட்டை, சுமார் பதினைந்து மணி நேரம் வரும். பிள்ளைக்குப் பேட்டரி வாங்கிக் கொடுக்கிறது யாரு? அப்பா! அப்பாவுக்கு எந்தப் பெட்டி பிடிக்கும்? (சிரிப்பு) கேம் பாயும் அதுக்கப்புறம் வந்த கலர் கேம் பாயும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சம் விற்றது. கேம் கியர் ஒரு கோடியைத் தாண்டி நின்னு போச்சு.

இதை அண்ணன் பிடிவாதம்கிறார். “கலர் வைக்க மாட்டேன்னு அடம் பிடிச்சான், ஜெயிச்சான்”கிறார். இல்லீங்க ஐயா. விளையாடுறவன் எங்கே உட்கார்ந்து விளையாடுவான், அவன் அப்பா சட்டைப் பையிலே எவ்வளவு இருக்கும்னு அடுத்தவன் பக்கத்திலிருந்து யோசிச்சது அது. பிடிவாதக்காரன் தன் பக்கத்திலிருந்து மட்டும்தான் யோசிப்பான். சிக்கனமும் பிடிவாதமும் வெளியிலே பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ரத்தம் வேற. யோகோயிக்கும் சறுக்கல் உண்டு. 1995-லே கண்ணை வெச்சுப் பார்க்கிற ‘வர்ச்சுவல் பாய்’னு ஒண்ணு வந்து, எல்லாம் சிவப்பாவே தெரிஞ்சு, ஒரு வருஷத்துக்குள்ளே கடையைக் கட்டிட்டாங்க. அது வேற கதை.

அப்போ பிடிவாதம் எங்கே இருந்தது? முதலாளிகிட்டே இருந்தது. ஹிரோஷி யமாவுச்சி. தாத்தா முடியாமல் போனதும் 1949-லே, படிச்சுக்கிட்டு இருந்த இளைஞர், கம்பெனித் தலைவராகிறார். 2002 வரைக்கும் அந்த நாற்காலி அவருடையதுதான். ஐம்பத்து மூணு வருஷம்! இடையிலே டாக்சி ஓட்டிப் பார்த்தார், உடனடிச் சாதம் விற்றுப் பார்த்தார், ஒண்ணும் நிக்கலே. விளையாட்டு நின்னது. அவர் திறமைசாலி, மறுக்கலே. யோகோயியைக் கண்டுபிடிச்சவரே அவர்தான். ஆனா கையை இறுக்கி மூடினா திறக்கத் தெரியாத மனிதர்.

இங்கேதான் எதிரணி அக்கா ஒரு பலமான ஆயுதத்தை எடுத்தாங்க. அதைத் தாண்டாமல் நான் மேலே போக முடியாது. அமெரிக்காவிலே 1983-லே வீடியோ கேம் தொழிலே சரிஞ்சு விழுந்தது. கண்டவனெல்லாம் கேசட் போட்டான். குப்பைக் குப்பையா ஆட்டம். ‘ஈ.டி.’ சினிமாவை வெச்சு அட்டாரி ஒரு ஆட்டத்தை ஐந்தே வாரத்திலே எழுத வெச்சு 1982 கடைசியிலே விற்றது. விற்காமல் திரும்பி வந்த சரக்கை நியூ மெக்சிகோவிலே அலமகோர்டோன்னு ஒரு ஊர்ப் பாலைவனத்திலே குழி தோண்டிப் புதைச்சாங்க. கட்டுக்கதைன்னு பல பேர் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 2014-லே தோண்டிப் பார்த்தா, உள்ளே இருந்தது! அப்படிப்பட்ட சுடுகாட்டிலே 1985-லே நின்டெண்டோ போய்க் கடை விரிச்சது. பெட்டிக்குள்ளே ஒரு பூட்டுச் சில்லு, கேசட்டுக்குள்ளே அதுக்குச் சாவிச் சில்லு. ரெண்டும் பேசிக்கிட்டாத்தான் ஆட்டம் ஓடும். நின்டெண்டோ கையெழுத்து இல்லாத எந்தக் கேசட்டும் உள்ளே போகாது. வெளிக் கம்பெனி வருஷத்துக்கு அஞ்சு ஆட்டம்தான் போடலாம். அதையும் ரெண்டு வருஷத்துக்கு வேற பெட்டிக்குக் கொடுக்கக் கூடாது. கேசட்டை நின்டெண்டோகிட்டேதான் செய்து வாங்கணும். “இந்தப் பிடிவாதம்தானே செத்த தொழிலை எழுப்பிச்சு?”ன்னு அக்கா கேட்டாங்க.

எழுப்பிச்சு. நான் ஒத்துக்கிறேன். குப்பையைத் தடுக்க வாசலிலே ஒரு காவல்காரன் தேவைப்பட்டான், போட்டாங்க. அந்தப் பெட்டி உலகம் பூரா 6 கோடியே 19 லட்சம் விற்றது. ஆனா அக்கா, காய்ச்சலுக்குக் கஷாயம் குடிக்கிறோம். காய்ச்சல் போன பிறகும் பத்து வருஷம் மூணு வேளையும் கஷாயமே குடிச்சா? (சிரிப்பு) தரத்தைக் காக்கப் போட்ட பூட்டு கொஞ்ச நாளிலே கல்லாப் பெட்டிக்குப் போட்ட பூட்டா மாறிடுச்சு. கடைக்காரன் விலையைக் குறைக்கக் கூடாதுன்னு மிரட்டினதாப் புகார் வந்து, 1991-லே அமெரிக்க மாநிலங்களோடு சமரசம் பண்ணினாங்க. வாங்கினவங்களுக்கு அஞ்சு டாலர் தள்ளுபடிச் சீட்டு, மொத்தம் இரண்டரைக் கோடி டாலர் வரைக்கும் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. ஐரோப்பாவிலே இன்னும் மோசம். இங்கிலாந்திலே விலை குறைவு, ஜெர்மனியிலே அதிகம். இங்கிலாந்துச் சரக்கு அந்தப் பக்கம் போகாம அணை போட்டாங்க. 1991-லிருந்து 1998 வரைக்கும் இது நடந்ததுன்னு சொல்லி, ஐரோப்பிய ஆணையம் 2002-லே நின்டெண்டோவுக்கு மட்டும் 14 கோடியே 90 லட்சம் யூரோ அபராதம் போட்டது. இதுவா குப்பையைத் தடுக்கிற காவல்? ஜெர்மனிக்காரப் பிள்ளையோட அப்பாகிட்டே கூடுதலாப் பிடுங்கின காசுதானே ஐயா!

இப்போ சோனி கதைக்கு வரேன். இந்தப் பட்டிமன்றமே இந்த ஒரு கதையிலே முடிஞ்சுடும்.

சோனி அப்போ டிவி, வாக்மேன் செய்யுற கம்பெனி. வீடியோ கேமுக்கும் அதுக்கும் பெரிசாச் சம்பந்தம் கிடையாது. அங்கே கென் குட்டராகின்னு ஒரு பொறியாளர். நின்டெண்டோவின் அடுத்த பெட்டியான சூப்பர் பெட்டிக்குச் சத்தம் எழுப்பற சில்லு செய்து கொடுத்ததே அவர்தான். அப்படி உறவு வளர்ந்து, அந்தப் பெட்டியோடு குறுந்தகடு, நம்ம சிடி, சேர்த்துப் போடலாம்னு ரெண்டு கம்பெனியும் ஒப்பந்தம் போட்டாங்க. பாட்டுச் சிடியிலே ஆட்டத்தையும் ஏத்துறது. 1991 ஜூன் மாதம் சிக்காகோ பொருட்காட்சியிலே சோனி மேடை ஏறி, ‘நாங்க நின்டெண்டோவோடு சேர்ந்து பெட்டி கொண்டுவரோம்’னு உலகத்துக்கு அறிவிச்சாங்க. மறுநாள்! மறுநாளே அதே பொருட்காட்சியிலே நின்டெண்டோ மேடை ஏறி, ‘நாங்க பிலிப்ஸோடு சேரறோம்’னாங்க.

நினைச்சுப் பாருங்க. இன்னிக்கு நிச்சயதார்த்தம். பந்தியிலே உட்கார்ந்து சாப்பிட்டாச்சு. நாளைக்குக் காலையிலே மாப்பிள்ளை வீட்டார் அதே மண்டபத்திலே அடுத்த தெருப் பெண்ணுக்குப் பூ வைக்கிறாங்க. பெண்ணைப் பெத்தவன் சும்மா இருப்பானா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ஏன் அப்படிப் பண்ணினாங்க? காரணம் இருந்தது. அந்த ஒப்பந்தப்படி சிடியிலே வர்ற ஆட்டங்களுக்கு உரிமம் கொடுக்கிற அதிகாரம் சோனி கைக்குப் போயிடும். அது யமாவுச்சிக்குப் பொறுக்கலே. பயம் நியாயம்தான். ஆனா உட்கார்ந்து பேசியிருக்கலாம். பங்கை மாத்திக் கேட்டிருக்கலாம். முடியலேன்னா கௌரவமா விலகியிருக்கலாம். ஊர் கூடின சபையிலே அவமானப்படுத்தினாங்க பாருங்க, அது பலமா? சோனிக்குள்ளேயே பல பேருக்கு விளையாட்டுத் தொழிலிலே இஷ்டம் இல்லே. ‘பொம்மை செய்யுறதா நம்ம வேலை?’ங்கிற மனசு. அந்த அவமானம் குட்டராகிக்கு ஆயுதமாப் போச்சு. 1994 டிசம்பரிலே ஜப்பானிலே ‘பிளேஸ்டேஷன்’ வந்தது. தனக்குப் பரம எதிரியைத் தானே பெத்து, பேரும் வெச்சுக் கொடுத்த கம்பெனி உலகத்திலே இது ஒண்ணுதான் இருக்கும்!

சரி, நடந்தது நடந்து போச்சு. அதுக்கப்புறமாவது? 1996-லே நின்டெண்டோ தன்னோட ‘64’ங்கிற பெட்டியைக் கொண்டுவருது. உலகமே சிடிக்கு மாறியாச்சு. இவங்க, ‘கேசட்தான் போடுவோம்’னாங்க. கேசட்டுக்கு நல்ல குணம் உண்டு. போட்டதும் ஆட்டம் ஆரம்பிக்கும், சிடி மாதிரி சுத்திச் சுத்திக் காக்க வைக்காது. சுலபத்திலே நகல் எடுக்க முடியாது. ஆனா அதிலே பிடிக்கிற சரக்கு எவ்வளவு? மிஞ்சிப் போனா 64 மெகாபைட். சிடியிலே 650 வரைக்கும். பத்திலே ஒரு பங்கு! சிடியை அப்பளம் மாதிரி மலிவா அடிச்சுத் தள்ளலாம். கேசட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டி, எத்தனை விற்கும்னு ஜோசியம் பார்த்துச் சொல்லி, வாரக் கணக்கிலே காத்திருக்கணும். விற்காட்டி நஷ்டம் யாருக்கு? ஆட்டம் எழுதினவனுக்கு. ஸ்கொயர்னு ஒரு கம்பெனி. 1987-லிருந்து தன் ‘ஃபைனல் ஃபேன்டசி’ கதைகளை நின்டெண்டோ பெட்டிக்கே எழுதினவங்க. ஏழாவது பாகத்தை எடுத்துக்கிட்டு 1997-லே சோனி பக்கம் போயிட்டாங்க. அந்த ஆட்டம் மூணு சிடி. கேசட்டிலே எங்கே போய் வைக்கிறது?

கணக்கைக் கேளுங்க. முதல் பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டி விற்றது. நின்டெண்டோ 64 விற்றது 3 கோடியே 29 லட்சம். அடுத்த சுற்றிலே ‘கேம்கியூப்’, 2001. இப்போ தகடுக்கு மாறினாங்க, ஆனா உள்ளங்கை அளவு குட்டித் தகடு. சோனியோட ரெண்டாவது பெட்டியிலே வீட்டிலே டிவிடி சினிமாவே பார்க்கலாம். அப்பா அம்மாவுக்கும் சேர்த்து ஒரே செலவு. அது 15 கோடிக்கு மேலே. கேம்கியூப் 2 கோடியே 17 லட்சம். தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நின்னா, நாலு கால் முயல் ஓடிப் போயிடும் ஐயா. (கைதட்டல்)

“மியாமோட்டோ மாதிரி கலைஞனை உருவாக்கினது அந்தப் பிடிவாதம்தான்”னு அண்ணன் சொன்னார். அதையும் பார்த்துடுவோம், சுருக்கமா. அமெரிக்காவிலே ‘ரேடார் ஸ்கோப்’னு ஒரு ஆட்டப் பெட்டி. கடைத்தெருவிலே காசு போட்டு ஆடுற பெரிய பெட்டி. மூவாயிரம் வரவழைச்சதிலே ரெண்டாயிரம் போல விற்காமக் கிடந்தது. பிடிவாதக்காரனா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? ‘நான் செய்ததுதான் சரி, ஜனங்களுக்குத்தான் ரசனை இல்லே’ன்னு இருந்திருப்பான். இவங்க தோல்வியை ஒத்துக்கிட்டு, அனுபவமே இல்லாத ஒரு சின்னப் பையன்கிட்டே, ‘இந்தப் பெட்டிக்குள்ளே வேற ஆட்டம் போட்டுக் கொடு’ன்னாங்க. அந்தப் பையன்தான் ஷிகேரு மியாமோட்டோ. வந்தது 1981-லே ‘டாங்கி காங்’. அதிலே குதிச்சவர்தான் பின்னாலே மேரியோ. அந்தப் பேர்கூட அமெரிக்காவிலே அவங்க கிடங்குக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரரோட பேருன்னு சொல்றாங்க. வளைஞ்சு கொடுத்ததாலே கிடைச்ச மேரியோ, அண்ணே, அவர் எங்க அணி!

2002-லே யமாவுச்சி விலகி, சடோரு இவாட்டாங்கிறவரைத் தலைவராக்கினார். குடும்பத்துக்கு வெளியிலேயிருந்து வந்த முதல் தலைவர். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியே மேலே வந்தவர். அவர் காலத்திலேதான் 2004-லே ரெண்டு திரை வெச்ச ‘டிஎஸ்’ வந்து 15 கோடியே 40 லட்சம் விற்றது. 2006-லே ‘வீ’ வந்தது. பழைய கேம்கியூப் சரக்கையே கொஞ்சம் தட்டிச் சரி பண்ணி, கையிலே ஆட்டுற ஒரு ரிமோட்டைக் கொடுத்தாங்க. பாட்டி கூட எழுந்து நின்னு பௌலிங் பந்து வீசினாங்க. 10 கோடியே 16 லட்சம். மறுபடியும் இட்லி உப்புமாதான்!

ஆனா நான் இவாட்டாவைச் சொல்ல வந்தது விற்பனைக்காக இல்லே. 2011-லே ‘3டிஎஸ்’னு ஒரு பெட்டியை ஜப்பானிலே 25,000 யென்னுக்குப் போட்டாங்க. ஜனங்க வாங்கலே. ஆறே மாசத்திலே விலையை 15,000 யென் ஆக்கினார். தப்பு நடந்தா முதல்லே யார் கையைச் சுடணும்? தன் சம்பளத்தைப் பாதியாக் குறைச்சுக்கிட்டார். முன்னாலேயே முழு விலை கொடுத்து வாங்கினவங்க ஏமாந்தவங்க ஆகிடக் கூடாதேன்னு, அவங்களுக்கு இருபது பழைய ஆட்டங்களை இலவசமாக் கொடுத்தார். ‘வீ யூ’ங்கிற அடுத்த பெட்டி விழுந்தபோது, 2014-லே மறுபடியும் அஞ்சு மாசத்துக்குச் சம்பளத்தைப் பாதியாக்கினார். ‘ஆட்களை வேலையை விட்டு எடுங்க’ன்னு கேட்டவங்களுக்கு அவர் சொன்ன பதிலோட சாரம் இதுதான்: வேலை போயிடுமோன்னு பயந்து கிடக்கிறவனாலே ஜனங்களைச் சந்தோஷப்படுத்துற விளையாட்டைச் செய்ய முடியாது. 2015-லே, ஐம்பத்தஞ்சு வயசிலே காலமானார். 3டிஎஸ் கடைசியிலே ஏழரைக் கோடிக்கு மேலே விற்றது. இது பிடிவாதமா, இறங்கி வந்ததா? நடுவர் ஐயாவே எழுதிக்கட்டும்.

“அதெல்லாம் பழங்கதை, இப்ப 2017-லே வந்த ‘ஸ்விட்ச்’ 15 கோடிக்கு மேலே வித்திருக்கே?”ன்னு தம்பி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்கிறார். நல்ல பெட்டி, தம்பி. வீட்டிலே டிவியிலேயும் ஆடலாம், தூக்கிக்கிட்டு ரயிலிலேயும் ஆடலாம். அதிலேயும் புத்தம் புதுச் சில்லு இல்லே, 2015-லேயே வெளியே இருந்த சில்லுதான். அது சிக்கனத்தோட கணக்கு. பிடிவாதத்தோட கணக்கு எங்கே இருக்குன்னா, அந்தப் பெட்டியோட கைப்பிடிக் குச்சி, தொடாமலே தானா நகருதுன்னு வருஷக் கணக்கிலே ஜனங்க புலம்பி, வழக்கெல்லாம் போட்டு, 2020-லேதான் தலைவர் வருத்தம்னு ஒரு வார்த்தை சொன்னார் பாருங்க, அங்கே இருக்கு.

தாய்மார்களே, உங்க பணத்தைத் தொடுற விஷயம் ஒண்ணு சொல்றேன். அந்தக் காலத்திலே கேசட் வாங்கினா அது உங்களுடையது. பெரியவன் ஆடி முடிச்சா சின்னவனுக்கு, அப்புறம் சித்தி பையனுக்கு. இப்போ பாதி ஆட்டம் இன்டர்நெட் வழியாத்தான் வாங்கணும். 3டிஎஸ், வீ யூ ரெண்டுக்கும் இருந்த இன்டர்நெட் கடையை 2023 மார்ச்சிலே மூடிட்டாங்க. வாங்கினவங்க திரும்ப இறக்கிக்கலாம்னு விட்டிருக்காங்க, ஆனா புதுசா யாரும் வாங்க முடியாது. அந்தக் கடையிலே மட்டுமே இருந்த ஆட்டங்களைக் காசு கொடுத்து வாங்க இன்னிக்கு வழியே இல்லே. சரி, பழைய ஆட்டங்களை எங்காவது சேர்த்து வெச்சிருக்கிற இணையதளத்திலே எடுக்கலாம்னு போனா, அதுக்கு வழக்கு. 2018-லேயே அப்படிப்பட்ட தளங்கள் மேலே வழக்குப் போட்டாங்க. ஓசியிலே எடுக்கிறது தப்புதான், நான் திருட்டுக்கு வக்காலத்து வாங்கலே. ஆனா விற்கவும் மாட்டேன், எடுக்கவும் விட மாட்டேன்னா? வைக்கோல் போர்லே படுத்த நாய்க்கு வைக்கோல் தின்னவும் தெரியாது, மாட்டைத் தின்ன விடவும் மனசு வராது. (கைதட்டல்) ஒரு தலைமுறை வாங்கி விளையாடின ஆட்டத்தை, அடுத்த தலைமுறைக்குக் காட்ட நேர்வழி இல்லாமப் போறது சின்ன விஷயமா?

(நடுவர் மணி அடிக்கிறார்.)

முடிச்சுடறேன் ஐயா, ஒரே நிமிஷம். 2025 ஜூன் மாதம் ‘ஸ்விட்ச் 2’ வந்தது. அமெரிக்காவிலே பெட்டி 450 டாலர், கூடவே வந்த மேரியோ கார் ஆட்டம் 80 டாலர். நாலே நாளிலே 35 லட்சம் பெட்டி போச்சு. நான் மறைக்கலே. ஆனா அதுக்கு வர்ற கேசட்டிலே ஒரு புது ரகம் இருக்கு. கடையிலே காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து சொருகினா, உள்ளே ஆட்டம் இருக்காது. ஒரு சாவி மட்டும் இருக்கும். ஆட்டத்தை இன்டர்நெட்டிலே இறக்கிக்கணும். இறக்கின பிறகும் ஆடணும்னா அந்தக் கேசட்டைச் சொருகியே வெச்சிருக்கணும். 1996-லே உலகமே சிடிக்குப் போனபோது, ‘கேசட்தான் சிறந்தது, போட்டதும் ஆட்டம் வரும்’னு தொழிலையே பணயம் வெச்சு நின்ன கம்பெனி இது. அந்தக் கேசட்டை இப்போ வெறும் கூடா விற்க அனுமதி கொடுத்திருக்கு. அன்னிக்குப் பிடிச்சது கொள்கையா, இல்லே சாவி நம்ம கையிலே இருக்கணும்கிறது மட்டும்தானா? எனக்குப் பின்னாலே பேச வர்ற எதிரணித் தம்பி இதுக்கு ஒரு பதிலைச் சொல்லிட்டு, அப்புறம் பலத்தைப் பத்திப் பேசட்டும்.